எண்ணப்பட்டவர்களும் மதிப்பிடப்பட்டவர்களும்



தாய்லாந்தின் மேற்குப் பகுதியில் காஞ்சனபுரி என்றொரு ஆற்றங்கரை நகரம் உள்ளது. அங்குள்ள புத்தக் கோயில் வளாகம் ஒன்றில், தலைமைத் துறவியின் முயற்சியால் 1977இல் ஒரு போர் அருங்காட்சியகம் உருவானது. போர்க்கைதிகள் அடைபட்டிருந்த மூங்கில் கொட்டகையைப் போலவே அதைக் கட்டி, உள்ளே படங்களையும் கருவிகளையும் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ஜீத். ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்து ஆகிய நாடுகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் அது. அதில் மலாயா இல்லை. பர்மா இல்லை. ஜாவா இல்லை.

1942-43இல் ஜப்பானிய ராணுவம் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டது. சயாம் மரண ரயில் என்று நம் மக்கள் சொல்வது இதைத்தான். வேலை செய்த போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். இறந்தவர்கள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ இரண்டு லட்சம். அவர்களில் இறந்தோர் 70,000 என்றும் 90,000 என்றும் அதற்கு மேல் என்றும் சொல்கிறார்கள். முதலாவது எண்ணிக்கை; இரண்டாவது மதிப்பீடு. இந்த வேறுபாடு எப்படி வந்தது?

கைதிகளுக்குப் படைப்பிரிவு இருந்தது, அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். யார் இறந்தார், எங்கே புதைத்தோம் என்று ஒளித்து வைத்தாவது எழுதினார்கள். போர் முடிந்ததும் அவர்களுடைய அரசுகள் உடல்களைத் தேடி எடுத்தன. அந்நகரின் போர்க் கல்லறையில் இன்று ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர் இருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கு இவற்றில் எதுவும் இல்லை. கூலி, சாப்பாடு, சில மாத வேலை என்று ஆசைகாட்டியும், பிறகு வலுக்கட்டாயமாகப் பிடித்தும் கொண்டுபோனார்கள். காலராவில் செத்தவர்களைக் குழியில் தள்ளினார்கள். 1990இல் காஞ்சனபுரியில் ஒரு குழியிலிருந்து நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்படும் அவற்றில் யாருக்கும் பெயர் இல்லை.

மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் திரட்டிய நிலமற்ற கூலிகளும் அவர்களுடைய பிள்ளைகளும்தான் அவர்கள், கணிசமானோர் தலித்துகள். ஊரில் பட்டா ஏட்டில் பெயர் இல்லாதவர்கள், தோட்டத்தில் ஆள்கணக்காக இருந்தார்கள். சாவில் மதிப்பீடாக முடிந்தார்கள். காலனியும் போரும் தொடங்கிவைத்தது அல்ல இது. சாதி முன்பே செய்துவைத்த அழிப்பின் மேல்தான் அவை ஏறி நின்றன.

அந்த அருங்காட்சியகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கைக்கு வந்து சேர்ந்ததைத்தான் எந்த அருங்காட்சியகமும் காட்சிக்கு வைக்கும். அண்மையில் மலேசியத் தமிழர் முயற்சியால் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் எழுந்தது. கல் வந்துவிட்டது, பெயர்கள் இன்னும் வரவில்லை.

எனவே மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் சேரியில் 'மலாயாவுக்குப் போனார், திரும்பவில்லை' என்று ஒரு பாட்டியாவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், போன ஆண்டு, கடைசியாக வந்த கடிதம்: இந்த ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நமது அருங்காட்சியகத்தின் முதல் பொருள் அந்த நோட்டுதான்.