ஒயிலாட்டம்: திரும்பினால் நாமதான் முன்வரிசை

போன சனி, ஞாயிறு அம்பத்தூரில் ஒயிலாட்டப் பயிற்சிக்குப் போயிருந்தேன். வரிசையாக நின்று, கையில் துணி வீசி, காலில் சலங்கையோடு ஆடுவது. அமெரிக்க ‘லைன் டான்ஸ்’ மாதிரி, ஜோடி கிடையாது. எல்லோருக்கும் ஒரே அடி.

நான் கடைசி வரிசையில் நின்றேன். முன்னால் இருப்பவர் காலைப் பார்த்து ஒப்பேத்திடலாம்னு கணக்கு. ஆனால் ஒரு சுற்று முடிந்ததும் எல்லோரும் திரும்பினார்கள். இப்போ நாமதான் முன்வரிசை! பார்த்து ஆட ஆளே இல்லை. லைன் டான்ஸிலும் இதே சிக்கல்தான்: பல ஆட்டங்களில் 32 எண்ணிக்கை முடிந்ததும் வேறு சுவரைப் பார்த்துத் திரும்பி, அதே அடிகளை மறுபடி ஆட வேண்டும்.

“எண்ணாதீங்க சார், உடம்பு வெயிட் எந்தக் கால்ல இருக்குன்னு மட்டும் பாருங்க” என்றார் வாத்தியார். சரிதான். பாரம் இல்லாத கால்தானே அடுத்து நகர முடியும்? எண்ணிக்கை தவறினாலும் அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி சேர்ந்துகொள்ளலாம்.

என் வரிசையில் பாதிக்கு மேல் பெண்கள். மரபில் இது ஆண்கள் ஆட்டம். கோவைப் பக்கத்து வள்ளி ஒயில் கும்மியும் அப்படித்தான் இருந்தது. அதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த பத்திரப்பன் அவர்களுக்கு 2024இல், 87 வயதில், பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

எங்கம்மா ஊரில் ஒயிலை ஓரமா நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. ஞாயிறு ராத்திரி என் வீடியோவைக் காட்டினேன். ஒரே தடவைதான் பார்த்தார். “மூணாவது அடியில இடது கால் தப்புடா” என்றார்.