ஒரு விக்கியின் செல்வாக்கை எதைக்கொண்டு அளப்பது?

2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திர அரசு மாவட்டங்களைத் திருத்தி அமைத்தபோது பழைய சித்தூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. திருப்பதி, காளத்தி, சந்திரகிரி ஆகியவை நெல்லூரிலிருந்து வந்த கூடூர், சூளூர்பேட்டையோடு சேர்ந்து திருப்பதி மாவட்டமாயின. மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்துக்குப் போனது. சித்தூர், குப்பம், பலமனேர், நகரி பழைய பெயரிலேயே தங்கின. அரசாணைக்கு ஒரு நாள் போதும். விக்கிப்பீடியாவிலோ, சித்தூரிலிருந்து பிரிந்த ஊர்களின் பக்கங்களில் 'சித்தூர் மாவட்டத்தில் உள்ளது' என்றிருக்கும் வரியை யாராவது ஒருவர் தேடித் தேடித் திருத்தியாக வேண்டும். அதற்கென்று சம்பளத்துக்கு அங்கே ஆள் இல்லை. பலர் கூடி எழுதும் ஒரு தளத்துக்கு எவ்வளவு உயிர் இருக்கிறது என்பதை அறிய, பார்வைக் கணக்கையும் கட்டுரைக் கணக்கையும் விட இந்தத் திருத்த வேலையே நம்பகமான அளவுகோல்.

இணையதளங்களின் செல்வாக்கை அளக்க நெடுங்காலம் கைகொடுத்தது 1996இல் தொடங்கி பின்னர் அமேசான் வாங்கிய அலெக்சா தரவரிசை. தன் கருவிப்பட்டை போன்ற நீட்சிகளைக் கணினியில் நிறுவியிருந்தவர்களின் நடமாட்டத்தையே அது பெரிதும் நம்பியிருந்தது. விக்கிப்பீடியாவின் எல்லா மொழிகளையும் ஒரே தளமாகக் கருதித் தரம் தந்ததால், தமிழும் தெலுங்கும் ஆங்கிலத்தின் நிழலில் மறைந்தன. 2022 மே மாதம் அதுவும் மூடப்பட்டது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2015 முதல் தரும் நாள்வாரிப் பார்வைக் கணக்கு இதைவிட நேர்மையானது. மனிதரையும் நிரல்களையும் பிரித்துக் காட்ட முயல்கிறது. ஆனால் அது சொல்வது மக்களின் ஆர்வத்தை மட்டுமே. திருப்பதி லட்டு நெய் சர்ச்சை வெடித்த 2024 செப்டம்பர் போன்ற வேளைகளில் கோயில் பக்கத்தைத் தேடி வருவோர் கூடுவது இயல்பு. அந்தப் பக்கம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதற்கு அந்த எண்ணில் விடை கிடையாது.

கட்டுரை எண்ணிக்கை இன்னும் எளிதில் ஏமாற்றும். பிலிப்பைன்சின் செபுவானோ மொழி விக்கிப்பீடியாவில் 60 லட்சம் கட்டுரைகள் உண்டு. ஆங்கிலத்துக்கு அடுத்த இடம். ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை சுவீடனைச் சேர்ந்த ஸ்வெர்க்கர் யோஹான்சன் உருவாக்கிய ஒரு நிரல் எழுதித் தள்ளியவை. 2003 டிசம்பரில் தொடங்கிய தெலுங்கு விக்கிப்பீடியாவும் ஆரம்ப ஆண்டுகளில் ஊர்களுக்கான குறுங்கட்டுரைகளை நிரல் வழியே ஆயிரக்கணக்கில் உருவாக்கி, இந்திய மொழிகளில் முன்வரிசைக்கு வந்தது. அதைக் குறையென்று தள்ளிவிட முடியாது. குக்கிராமத்துக்கும் ஒரு பக்கம் கிடைத்தது. ஆனால் மாவட்டம் பிரிந்தபோது, எளிதில் பிறந்த அத்தனை பக்கங்களும் பராமரிப்பு கேட்டு வரிசையில் நின்றன.

ஆகவே பார்க்க வேண்டியது திரும்பத் திரும்ப வரும் கைகளை. மாதத்தில் ஐந்து முறையாவது தொகுப்பவரை 'செயல்படும் பங்களிப்பாளர்' என்று விக்கிமீடியா கணக்கிடுகிறது. பரிசுப் போட்டி வைத்தால் இந்த எண்ணையும் உயர்த்திவிடலாமே என்று கேட்கலாம். உண்மைதான். 2018இல் தொடங்கிய வேங்கைத் திட்டம் என்ற கட்டுரைப் போட்டியில் தமிழும் பஞ்சாபியும் முதலிடத்துக்கு முட்டிமோதின. போட்டி நடக்கும் மாதத்தை விட்டுவிட்டு, ஓராண்டு கழித்தும் எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று பார்த்தால் இந்தக் குறை நீங்கும். சர்ச்சைப் பக்கங்களில் இருவர் மாறி மாறி அழித்து எழுதினாலும் தொகுப்புகள் பெருகுமே என்பது இன்னொரு கேள்வி. அதனால்தான் தொகுப்புகளை எண்ணாமல் ஆட்களை எண்ண வேண்டும். அதிலும் யாரும் சண்டையிடாத சிற்றூர்ப் பக்கங்களைக் கவனிப்போர் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

வாசகருக்காகத்தானே கலைக்களஞ்சியம், அவர்களின் எண்ணிக்கையை ஒதுக்கலாமா என்ற வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் இன்று கூகுளின் விடைப்பெட்டியும் செயற்கை நுண்ணறிவும் விக்கியில் உள்ளதை எடுத்துத் தந்துவிடுகின்றன. வாசகர் பலர் பக்கத்தைத் திறப்பதே இல்லை. மனிதப் பார்வைகள் முந்தைய ஆண்டைவிடச் சுமார் 8 விழுக்காடு குறைந்ததாக விக்கிமீடியா 2025 அக்டோபரில் அறிவித்தது. பார்வை குறைவதால் பயன்பாடு குறைந்ததாகாது. மூலத்தில் உள்ள பிழையோ, பத்து இடங்களுக்குப் பரவுகிறது. திருத்துபவரின் மதிப்பு முன்னைவிடக் கூடுகிறது.

சித்தூர்ப் பகுதிக்கு எல்லை மாறுவது புதிதல்ல. 1911இல் வடஆற்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 1960இல் திருத்தணியைச் சென்னை மாநிலத்துக்குக் கொடுத்தது. தமிழும் தெலுங்கும் பேசுவோர் கலந்து வாழும் இந்த மண்ணில், இரு மொழிப் பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடியவர்களுக்குப் பஞ்சமில்லை. காளத்தியிலோ மதனப்பள்ளியிலோ இருப்பவர்கள் தங்கள் ஊரின் பக்கத்தைத் திறந்து, மாவட்டத்தின் பெயர் சரியா என்று பாருங்கள். தவறாக இருந்தால் நீங்களே திருத்துங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.