காணாத கையும் கொடுத்த காசும்

கண்ணால் கண்டு, கையால் தொட்டு, தட்டிப் பார்த்து வாங்குவதே நம் முன்னோரின் வழக்கம். சந்தைக்கு மாடு வாங்கச் செல்பவர் பல்லைப் பிடித்துப் பாராமல் பணத்தை எடுப்பதில்லை. மண்பானை வாங்கும் மூதாட்டியும் சுண்டிப் பார்த்த பின்னரே முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள். ஒரு கையில் பொருள் வர, மறு கையிலிருந்து பணம் போகும். இடையில் அச்சத்திற்கு இடமில்லை.

இன்றோ வாங்குபவர் ஒரு கண்டத்திலும் விற்பவர் மற்றொரு கண்டத்திலும் இருக்கின்றனர். பணம் முதலில் போக வேண்டும். பொருள் பின்னர் வர வேண்டும். இந்த இடைவெளியிலேதான் பல இல்லங்களின் சேமிப்பு காணாமற் போகிறது. வெளிநாடுகளில் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கொண்டுள்ள நம் குடும்பங்கள் இதைப் பற்றிச் சற்றே சிந்திப்பது நலம்.

எடுத்துக்காட்டாக, லண்டன் மாநகரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மகளுக்கு வில்வித்தையில் நாட்டம். தொடக்கத்தில் சங்கத்தின் இலகுவான வில்லே போதுமாயிருந்தது. வலிமை கூடவே, ஒலிம்பிக் போட்டிகளில் காணும் ‘ரிகர்வ்’ வில் ஒன்று தேவைப்படுகிறது. புதியதன் விலையோ தந்தையின் கைக்கு எட்டவில்லை. அப்போது, அமெரிக்காவிலுள்ள ஒருவர் தாம் பயன்படுத்திய வில்லை 400 பவுண்டுக்குத் தருவதாக எழுதுகிறார். படங்கள் அழகாக உள்ளன. பேச்சு கனிவாக உள்ளது. “அப்பா, நாளைக்குள் பணம் அனுப்பாவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவாராம்” என்கிறாள் மகள். தந்தை என்ன செய்ய வேண்டும்?

கேட்க வேண்டிய கேள்வி

நம்மில் பெரும்பாலோர் கேட்கும் முதற் கேள்வி, “இவர் நல்லவரா?” என்பதாகும். அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும், முன்பின் அறியாதவரைப் பற்றி அதற்கு விடை காண எவராலும் இயலாது. ஏமாற்றுபவரே இனிமையாகப் பேசக் கற்றிருக்கிறார். ஆகவே, வேறொரு கேள்வியைக் கேட்போம்: “பொருள் வராவிட்டால், என் பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் யார் கையில் இருக்கும்?” இக்கேள்விக்கு விடையுண்டு. நாம் பணம் செலுத்தும் வழியே அந்த விடையை முடிவு செய்கிறது.

திரும்பாத வழிகள்

முதலாவது, வங்கியிலிருந்து நேரே அயல்நாட்டுக் கணக்கிற்கு அனுப்புதல். பணம் அக்கணக்கில் சேர்ந்துவிட்டால், பெற்றவர் இசைந்தாலன்றி அதை மீட்பது மிகக் கடினம். இங்கிலாந்தில், ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவர்களுக்கு 85,000 பவுண்டு வரை வங்கிகள் ஈடு செய்ய வேண்டும் என்னும் விதி 2024 அக்டோபர் 7 அன்று நடைமுறைக்கு வந்தது. “அப்படியாயின் அச்சமில்லை” என்று சிலர் எண்ணுகின்றனர். ஆனால் அவ்விதி அந்நாட்டுக் கணக்குகளுக்கு இடையே செல்லும் பணத்திற்கே உரியது. கடல் கடந்து சென்ற பணத்திற்கு அது பொருந்தாது.

இரண்டாவது, பணம் அனுப்பும் நிலையங்களின் வழியாக அனுப்புதல். வெஸ்டர்ன் யூனியன் 1871 ஆம் ஆண்டிலேயே தந்தி வழியாகப் பணம் அனுப்பும் தொண்டைத் தொடங்கியது. குடும்பத்தார்க்கு அனுப்ப அது பயனுள்ள வழியே. ஆயினும், ஏமாற்றுவோரும் அவ்வழியைப் பெரிதும் பயன்படுத்தினர். அதைத் தடுக்கத் தவறியதற்காக, 2017 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அமெரிக்க அரசுடன் 58.6 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது. உறவினர்க்கு அனுப்பும் வழியில் அயலார்க்கு அனுப்புதல் ஆகாது என்பதே இதன் பாடம். பரிசு அட்டைகளின் எண்களையும் ‘கிரிப்டோ’ நாணயங்களையும் கேட்பவரிடம் பேச்சையே நிறுத்திவிடுவது நன்று.

நடுவர் உள்ள வழிகள்

காணாதவரிடம் வாங்கும்போது நடுவர் ஒருவர் வேண்டும் என்பது புதிய கருத்தன்று. கப்பல் வணிகர்கள் நெடுங்காலமாக வங்கியின் கடன் உறுதிப் பத்திரத்தை நம்பி வாணிகம் செய்து வருகின்றனர். சரக்குக் கப்பலேறியதற்கான சான்றுகளைக் காட்டினாலன்றி வங்கி பணம் தராது. சீனாவில் 2003 ஆம் ஆண்டு தோன்றிய தாவோபாவ் சந்தையிலும் இதே சிக்கல் எழுந்தது. அங்கே அலிபே என்னும் அமைப்பு வாங்குபவரின் பணத்தைப் பெற்று வைத்துக்கொண்டு, பொருள் வந்து சேர்ந்ததென அவர் உறுதி கூறிய பின்னரே விற்பவர்க்கு வழங்கியது.

நம் வில் வாங்கும் தந்தைக்கு எளிதில் கிட்டும் வழி பேபால். இதிலே இரு கதவுகள் உள்ளன என்பதை மறவாதீர்கள். ஒன்று, பொருளுக்கும் சேவைக்கும் பணம் செலுத்தும் வழி. மற்றொன்று, நண்பர்க்கும் உறவினர்க்கும் அனுப்பும் வழி. முதல் வழியில் வாங்குபவர்க்குப் பாதுகாப்பு உண்டு. பொருள் வராவிட்டாலும், வந்த பொருள் சொன்னதற்கு முற்றிலும் மாறாக இருந்தாலும், பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாள்களுக்குள் முறையிடலாம். விற்பவருடன் பேசித் தீராவிட்டால், முறையிட்ட 20 நாள்களுக்குள் அதைப் பேபாலின் தீர்ப்புக்கு உயர்த்த வேண்டும். தவறினால் முறையீடு தானே மூடப்பட்டுவிடும். இரண்டாம் வழியில் இப்பாதுகாப்பு எதுவும் இல்லை.

இதை அறிந்தே ஏமாற்றுபவர், “நண்பர் வழியில் அனுப்புங்கள், எனக்குக் கட்டணம் மிச்சமாகும்” என்பார். முதல் வழியில் விற்பவரிடம் ஒரு சிறு கட்டணம் பிடிக்கப்படுவது உண்மையே. நேர்மையான விற்பனையாளரும் அதைத் தவிர்க்க விரும்பக்கூடும். ஆகவே, உடனே ஐயுறாமல், அச்சிறு தொகையையும் சேர்த்து விலையைப் பேசிக்கொள்ளலாம். நேர்மையானவர் இசைவார். மற்றவரோ சினம் கொள்வார், அவசரப்படுத்துவார், அல்லது மறைந்துபோவார். அந்த மறுமொழியே அவர் யார் என்பதைக் காட்டிவிடும்.

ஈபே போன்ற சந்தையில் கண்ட பொருளாயின், அச்சந்தையின் வழியாகவே பணம் செலுத்துக. “வெளியே முடித்துக்கொள்வோம், விலையைக் குறைக்கிறேன்” என்பவரைப் பின்தொடர்ந்தால், சந்தை தரும் உறுதியும் அவ்விடத்திலேயே நின்றுவிடும். கடன் அட்டை வழியாகச் செலுத்தியிருந்தால், அட்டை தந்த வங்கியிடமும் முறையிட வழியுண்டு. அதற்கும் கால எல்லை உண்டு. நடுவர் என்ற பெயரிலேயே போலிகளும் உள்ளனர். ஆதலால் விற்பவர் காட்டும் நடுவரை ஏற்காமல், நாமே அறிந்து தேடியவரையே ஏற்க வேண்டும்.

பொருளை ஆராய்தல்

பாதுகாப்பு இருப்பினும் ஆராய்ச்சி வேண்டும். வில்லின் நடுவே ‘ரைசர்’ எனப்படும் பிடியும், மேலும் கீழும் ‘லிம்ப்’ எனப்படும் வளைகைகளும் உண்டு. வளைகையின் மீது நீளமும் இழுவிசையும் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெழுத்துகள் தெரியுமாறும், அன்றைய தேதி எழுதிய தாள் அருகில் இருக்குமாறும் புதிய படம் கேளுங்கள். பிறர் படத்தைத் திருடி வைத்திருப்பவரால் அதைத் தர இயலாது. வளைகையில் முறுக்கமோ பிளவோ உண்டா என்று எழுத்தில் கேட்டு, விடையைக் காத்து வையுங்கள். விரிசல் கண்ட வளைகை இழுக்கும்போது முறிந்து, பிள்ளையின் முகத்திலேயே அடிக்கக்கூடும். இங்கே இழப்பது பணம் மட்டுமன்று. பொருள் வந்தவுடன் பொதியைப் பிரிக்கும்போதே படம் எடுங்கள். சங்கத்துப் பயிற்சியாளர் பார்த்த பின்னரே நாணேற்றுங்கள்.

விற்பவர்க்கும் அச்சம் உண்டு

வில்லைப் பெற்றுக்கொண்டு, “வரவில்லை” என்று பொய்யுரைக்கும் வாங்குபவரும் உலகில் உண்டு. ஆகவே, விற்பவர் பொதியின் போக்கைக் காட்டும் எண்ணோடு அனுப்புவதையும், கையொப்பம் பெற்று ஒப்படைக்கச் சொல்வதையும் அவமதிப்பாகக் கருதலாகாது. நமக்கு நாம் தேடும் பாதுகாப்பை அவருக்கும் வழங்குவதே முறை. வரியைக் குறைப்பதற்காக, “அன்பளிப்பு என்று எழுதுங்கள்” என்று அவரைத் தூண்டுவதும் தவறு. அது சுங்கத்தை ஏய்ப்பதாகும். மேலும், பொதி தொலைந்தால், குறைத்து எழுதிய மதிப்பே ஈடாகக் கிட்டும். அமெரிக்காவிலிருந்து லண்டன் வரும் பொருளுக்கு 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி உண்டு. அதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டு, அதன் பின்னரே மலிவா என்று முடிவு செய்க.

நம் நாட்டிற்கு இவ்வாறு வருவிக்க எண்ணுவோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். முதலீட்டுப் பொருள் அல்லாத பழைய பொருள்களின் இறக்குமதியை இந்திய வாணிகக் கொள்கை கட்டுப்பாட்டின் கீழ் வைத்துள்ளது. பணம் செலுத்துமுன் சுங்க அலுவலகத்தில் விசாரித்துத் தெளிவதே அறிவுடைமை.

ஏமாந்த பின்

இத்தனை கவனத்தையும் மீறி ஒருவர் ஏமாந்துபோனால், வீட்டார் அவரைப் பழிக்காதிருப்பார்களாக. வெட்கத்தால் வாய்மூடியிருக்கும் ஒவ்வொரு நாளும் முறையீட்டுக்கு உரிய நாள்களில் ஒன்றாகக் கழிகிறது. “இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்” என்று ஏமாற்றுபவர் திரும்பத் திரும்பக் கெஞ்சுவதும் அந்நாள்கள் கடந்துபோகவேயாம். உடனே வங்கிக்கும், பணம் செலுத்திய அமைப்புக்கும், காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் இருப்போர் 1930 என்னும் எண்ணை அழைக்கலாம்.

இனி அந்த லண்டன் தந்தையிடம் திரும்புவோம். “நாளைக்குள்” என்ற சொல்லுக்கு அவர் அஞ்ச வேண்டியதில்லை. மகளை அருகில் அமர்த்தி, இருவருமாக விற்பவர்க்கு மடல் எழுதட்டும்: புதிய படம் வேண்டும், பொருளுக்குரிய வழியிலேயே பணம் செலுத்துவோம், கட்டணம் எங்களுடையது என்று. வில் கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காமற் போனாலும், 400 பவுண்டு வீட்டிலேயே இருக்கும். வேறொரு வில் வரும்வரை சங்கத்தின் வில்லும் இருக்கிறது. அவசரப்படாமல் ஆராய்வதையும், பிறர்க்கு அநீதி செய்யாமல் தன்னைக் காத்துக்கொள்வதையும் அந்த ஒரு மாலையிலேயே மகள் கற்றிருப்பாள்.