சிறுநீர் உரைக்கும் செய்தி

உடலிலிருந்து கழியும் பொருள்களைப் பற்றிப் பேச நாம் நாணுகின்றோம். மருத்துவமோ அவற்றை இழிவாகக் கருதியதில்லை. உடல் முழுதும் சுற்றிவரும் குருதியின் நலத்தையும் கேட்டையும் நாள்தோறும் நமக்கு அறிவிக்கும் தூதுவன் சிறுநீரே ஆகும். அத்தூதுவனின் மொழியை யாவரும் அறிதல் நன்று. உவர்நீரில் நின்று உழைக்கும் பழவேற்காட்டு மீனவர்க்கோ அது இன்றியமையாததாகும்.

நீர் சூழ்ந்த வறட்சி

சென்னைக்கு வடக்கே, தமிழகமும் ஆந்திரமும் பகிர்ந்துகொள்ளும் பழவேற்காடு ஏரி, சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகி ஆகிய ஆறுகள் மழைக்காலத்தில் இதற்கு நன்னீர் ஊட்டுகின்றன. கோடையில் உப்பு மிகுகின்றது. கரையோரக் குப்பங்களின் ஆடவர் படகேறி வலை வீசுகின்றனர். இருளர் குலப் பெண்கள் முதலானோர் இடுப்பளவு நீரில் நெடுநேரம் நின்று கையால் துழாவி இறால் பிடிக்கின்றனர்.

சுற்றிலும் நீர் இருந்தும் அது தாகம் தீர்க்காது. கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு உள்ளது. அத்துணைச் செறிவான உப்பை வெளியேற்றும் ஆற்றல் மனிதச் சிறுநீரகத்திற்கு இல்லை. ஆதலால் கடல்நீரைப் பருகுபவன், அதன் உப்பைக் கழிக்கப் பருகியதினும் மிகுதியான நீரை இழக்கின்றான்.

நிறம் சொல்வது

சிறுநீரகங்கள் நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீரைக் குருதியிலிருந்து வடிக்கின்றன. அதில் பெரும்பகுதியை மீட்டுக்கொண்டு, ஒன்று அல்லது இரண்டு லிட்டரை மட்டுமே வெளியேற்றுகின்றன. வெயிலில் வியர்வை பெருகும்போது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விடுக்கும் ஒருவகைச் சுரப்பு, நீரை இன்னும் சிக்கனமாகக் காக்குமாறு சிறுநீரகத்தைப் பணிக்கின்றது. அப்பொழுது சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாகின்றது. வெளிர் வைக்கோல் நிறம் போதிய நீர் பருகியமைக்கு அடையாளம். அடர்மஞ்சள், உடல் நீர் வேண்டி நிற்பதன் அடையாளம். இந்நிலை நாள்தோறும் நீடித்தால் கற்கள் உருவாக வழியேற்படும்.

கருந்தேநீர் போன்ற நிறம் மஞ்சள் காமாலையைக் குறிக்கலாம். சிவப்பு, குருதிக் கசிவாக இருக்கலாம். பீட்ரூட் உண்டதன் விளைவாகவும் இருக்கலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் மருந்து உண்போரின் சிறுநீர் செம்மஞ்சளாவது இயல்பே. அதற்கு அஞ்சி மருந்தை நிறுத்தலாகாது. பால் போன்ற வெண்மை, யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களின் விளைவாக இருக்கக்கூடும்.

பெண்கள் நிலை தனியே எண்ணத்தக்கது. ஒதுங்க இடமில்லாத பணிக்களத்தில், நீர் பருகுவதையே தவிர்த்து, சிறுநீரையும் அடக்கிக்கொள்ள நேர்கின்றது. இதனால் கிருமித் தொற்று எளிதில் பற்றும். எரிச்சலும், அடிக்கடி சிறிதளவே கழிதலும், கலங்கலும், துர்நாற்றமும் அதன் அறிகுறிகள். நாணத்தால் இவற்றை மறைத்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிடும்.

முன்னோர் கண்டவை

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளுள் சிறுநீர்த் தேர்வும் ஒன்று. நிறம், எடை, மணம், நுரை, குறைவு ஆகியவற்றை ஆராய்வது நீர்க்குறி. விடியற்காலைச் சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு அது பரவும் விதத்தை நோக்குவது நெய்க்குறி. இவற்றை விரித்துரைக்கும் நூல் தேரையர் பெயரால் வழங்குகின்றது. யூனானி மருத்துவத்தின் பெருநூலான 'அல்கானூன்' இயற்றிய இப்னு சீனா (980–1037), நிறம், தெளிவு, வண்டல், நுரை முதலியவற்றை வகைப்படுத்தினார். உண்ட உணவின் சாயமும் கையிலிட்ட மருதாணியும்கூடச் சிறுநீரின் நிறத்தை மாற்றக்கூடும் என்று அவர் எச்சரித்தமை, அவர்தம் நுண்ணோக்கைக் காட்டும். ஆயினும் கண்ணுக்கும் மூக்கிற்கும் எல்லை உண்டு. 1776ஆம் ஆண்டில் மேத்யூ டாப்சன் என்னும் ஆங்கில மருத்துவர், நீரிழிவு நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, எஞ்சியது சர்க்கரையே எனக் காட்டினார். அதுமுதல் வேதியியலும் இத்துறைக்குத் துணையாயிற்று.

கண்ணுக்குத் தெரியாத கேடு

சிறுநீரகம் பெரும்பகுதி பழுதாகும்வரை வலியோ வீக்கமோ தோன்றாதிருக்கலாம். ஆனால் நீரிழிவாலும் குருதி அழுத்தத்தாலும் அதன் வடிகட்டி நலியத் தொடங்கியவுடனே, அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசியத் தொடங்கும். மிகுதியாகக் கசிந்தால் நுரை கலையாமல் நிற்கும். சிறிதளவாயின் சோதனை ஒன்றே அதைக் காட்டும். முட்டையின் வெண்கரு சூட்டில் வெண்மையாய்த் திரள்வதுபோல, சிறுநீரைச் சூடாக்கினாலோ சல்போசாலிசிலிக் அமிலம் சேர்த்தாலோ அல்புமின் வெண்கலங்கலாகத் தோன்றும்.

இந்த எளிய முறையைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றவர் சென்னையின் சிறுநீரக மருத்துவ அறிஞர் டாக்டர் எம்.கே. மணி. அவர் முன்னின்ற கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், 1990களின் பிற்பகுதியில் சென்னையை அடுத்த சிற்றூர்களில் ஏறத்தாழ 25,000 மக்களிடையே பணி தொடங்கியது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுதோறும் சென்று சிறுநீரில் புரதத்தையும் சர்க்கரையையும் சோதித்தனர். குருதி அழுத்தத்தையும் அளந்தனர். குறை கண்டோர்க்கு விலை மலிந்த மருந்துகளே வழங்கப்பட்டன. முற்றிய நோய்க்கு டயாலிசிஸ் செய்ய ஆகும் செலவோடு ஒப்பிட, தலைக்கு ஆன செலவு மிகச் சிறிதே.

குப்பங்களுக்கும் இவ்வழி பொருந்தும். எனினும் சில தெளிவுகள் வேண்டும். கடும் உழைப்பினாலும் காய்ச்சலாலும் புரதம் தற்காலிகமாகக் கசியலாம். ஆகவே ஓய்வுக்குப்பின் மறுமுறை சோதித்தல் வேண்டும். குருதியில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்த பின்னரே சிறுநீரில் தோன்றும். எனவே சிறுநீரில் சர்க்கரை இல்லை என்பதால் நீரிழிவு இல்லை என்றாகாது. உடல்வலிக்கு மருத்துவர் சொல்லாமலே நாள்தோறும் வலி மாத்திரை விழுங்குவதும், நீர் வற்றிய உடலின் சிறுநீரகத்திற்குக் கேடாகும்.

படகேறுவோர் வலையோடு குடிநீரையும் மறவாது எடுத்துச் செல்லட்டும். ஊர்ப் பெரியோர், பணிக்களத்தருகே பெண்களுக்குக் கழிப்பிடம் அமைய முயலட்டும். நாற்பது வயதைக் கடந்தோரும், நீரிழிவோ குருதி அழுத்தமோ உடையோரும் ஆண்டுக்கொருமுறையேனும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரைச் சோதித்துக்கொள்ளட்டும். கல்வி கற்ற மாணவர் தம் இல்லத்து முதியோரை அங்கு அழைத்துச் செல்வாராயின், அவர் கற்ற கல்வி ஊருக்குப் பயன்பட்டதாகும்.