கொடிமுந்திரிகை: வெட்டுத்துண்டு முதல் பந்தல் வரை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வெயிலும், வரண்ட காற்றும், நீர் தேங்காத செம்மண்ணும் கொடிமுந்திரிகைக்கு ஏற்றவை. திராட்சை என்றும் வழங்கப்படும் இப்பயிர் நன்கு வேரூன்றினால் பல ஆண்டுகள் பயன்தரும். வெங்காயமும் மிளகாயும் செய்யும் கமக்காரர் தம் கிணற்றுக்கு அண்மையில் சில கொடிகளை வைத்துப் பேணலாம். ஆயினும், பந்தலுக்குப் பெரும் பணம் செலவிட்ட பின்னரும் கொடி அதனை எட்டாது, அடியிலேயே பற்றையாய்ப் படர்ந்து நிற்பதுண்டு. முதலாம் ஆண்டில் அதனை ஒற்றைத் தண்டாக வளர்க்காமையே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும்.

வெட்டுத்துண்டைத் தெரிதல்

விதையில் முளைக்கும் கன்று தாய்க்கொடியின் குணங்களை அப்படியே பெறுவதில்லை. ஆகவே, வெட்டுத்துண்டுகளைக் கொண்டே இனத்தைப் பெருக்குதல் வேண்டும். குடாநாட்டில் நன்கு அறியப்பட்ட ‘இஸ்ரேல் புளூ’ இனமும் இவ்வாறே பெருக்கப்படுகின்றது.

நன்கு காய்க்கும், நோயற்ற கொடியைக் கத்தரிக்கும்போது அகற்றப்படும் கிளைகளிலிருந்து துண்டுகளை எடுக்கலாம். கிளை முதிர்ந்து கபில நிறமடைந்து, பென்சிற் பருமன் உடையதாயிருத்தல் வேண்டும். பச்சை நிறமான இளங்கிளை அழுகிவிடும். ஒவ்வொரு துண்டும் நான்கு கணுக்களுடன் ஏறக்குறைய ஓரடி நீளமாக இருக்கட்டும். அடிப்பக்கத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், நுனிப்பக்கத்தைக் கணுவுக்கு ஓரங்குலம் மேலே சரிவாகவும் வெட்டுக. இவ்வாறு செய்தால், நடும்போது தலைகீழாக ஊன்றும் தவறு நேராது.

வேர்விடச் செய்தல்

மேல்மண், மணல், நன்கு உக்கிய மாட்டெரு ஆகியவற்றைச் சம அளவிற் கலந்து, அடியில் துளையிட்ட பொலித்தீன் பைகளில் நிரப்புக. இரண்டு கணுக்கள் மண்ணினுள் இருக்குமாறு துண்டை ஊன்றிச் சுற்றிலும் மண்ணை இறுக்குக. பைகளைக் கிடுகு நிழலில் வைத்து, மண் ஈரமாயிருக்கும் அளவிற்கு மட்டும் நீர் ஊற்றுக. மாரி மழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் இதற்கு வசதியானவை.

சில நாட்களில் அரும்பு விரிந்து தளிர் தோன்றும். இதனைக் கண்டு துண்டு வேர்விட்டதென எண்ணுதல் கூடாது. தண்டினுள் முன்னரே சேர்ந்துள்ள உணவைக் கொண்டே முதல் இலைகள் விரிகின்றன. இந்நிலையில் வெயிலிலே வைத்தால் அவை வாடி, துண்டும் பட்டுவிடும். புதிய இலைகள் தொடர்ந்து தோன்றி வளரும்போதே வேர் பிடித்ததெனக் கொள்ளலாம். துண்டை இழுத்துப் பார்த்தால் இளவேர்கள் அறுந்துவிடும். வேர் பிடித்தபின் நிழலைச் சிறிது சிறிதாகக் குறைத்து, இரண்டு மூன்று மாதங்களில் கன்றைத் தோட்டத்தில் நடலாம்.

நடுகை

பத்தடிக்கு ஒன்றாக, இரண்டடி அகலமும் ஆழமும் உள்ள குழிகளை வெட்டுக. சுண்ணக்கல் தென்பட்டால் உடைத்து அகற்றுக. மேல்மண்ணையும் உக்கிய எருவையும் கலந்து குழியை நிரப்பி, மண் படிந்தபின் முதலில் ஊன்றுதடியை நாட்டி, அதன் அருகே கன்றை நடுக. நட்ட பின்னர் தடியை நாட்டினால் வேர்கள் சிதையும்.

ஒற்றைத் தண்டாக்குதல்

கன்றில் எழும் தளிர்களுள் வலிமையான ஒன்றை மட்டும் விட்டு, ஏனையவற்றை நீக்குக. அதனை முக்கால் அடிக்கு ஒரு கட்டாக, வாழைநாரினால் தளர்வாகத் தடியுடன் கட்டுக. தண்டு பருக்கும்போது கட்டு இறுகி அதனை நெரிக்கும். ஆதலால், மாதந்தோறும் பார்த்து மாற்றிக் கட்டுக.

இலைக் கக்கங்களில் எழும் பக்கத்தளிர்களை ஓரங்குலம் வளருமுன் விரலாற் கிள்ளிவிடுக. புகையிலையின் பக்கமுளைகளைக் கிள்ளுவது போன்றதே இவ்வேலை. ஆனால் தண்டிலுள்ள இலைகளைக் கிள்ளுதல் ஆகாது. தண்டைப் பருக்கச் செய்வன அவ்விலைகளே. முதலாண்டிலே தோன்றும் பூங்கொத்துக்களையும் அகற்றுக.

சில வாரங்கள் சென்றும் தளிர் மெலிந்தே நின்றால், அடியில் இரண்டு அரும்புகளை விட்டு மேற்பகுதியை வெட்டிவிடுக. இதற்கு மனம் எளிதில் ஒப்பாது. ஆயினும், வேர் வலுத்தபின் எழும் புதுத்தளிர் பழையதை விரைவில் மிஞ்சிவிடும்.

பந்தல் ஏறக்குறைய ஆறரை அடி உயரமாயிருத்தல் போதும். நுனி பந்தலைத் தாண்டியதும், பந்தலுக்கு அரையடி கீழே, ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுக. அதன் கீழ் எழும் இரு தளிர்களை எதிரெதிர்த் திசைகளிற் பந்தல்மீது படரவிடுக. பின்னர் காய்க்கும் கிளைகள் யாவும் இவ்விரு கிளைகளிலிருந்தே தோன்றும்.

தண்டின் கீழ்ப்பகுதி வெறுமையாக இருப்பதாற் காற்றும் வெளிச்சமும் தாராளமாய்ப் புகும். இலைகளும் மழைக்குப்பின் விரைவில் உலரும். இதனால் பூஞ்சண நோய்கள் குறைவதுடன், மருந்து தெளித்தலும் பழம் பறித்தலும் எளிதாகும்.

முதலாண்டில் வாரம் ஒருமுறை ஒவ்வொரு கொடிக்கும் சில நிமிடங்கள் செலவிடும் கமக்காரர், பின்வரும் ஆண்டுகளில் அதன் பயனைப் பந்தலிலே காண்பார். கத்தரித்தல், பசளையிடல் என்பன பற்றித் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து கொள்க.