அணைக்கு அக்கரையில் ஒரு மழைக்காட்டு ஊர்

அருமனையில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் வடகிழக்கே மலை தெரியும். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் அதுவும் தெரியாது, மேகம் இறங்கி மூடிவிடும். அந்த மேகத்துக்குள் ஊர்கள் இருக்கின்றன. தோட்டமலை, மாறாமலை, தச்சமலை, மோதிரமலை என்று காணி என்ற பழங்குடி மக்களின் குடிகள். அருமனையிலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும் வழியில்தான் திற்பரப்பு அருவி. விடுமுறை நாட்களில் அருவிக்கரையில் கால் வைக்க இடமிருக்காது. அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம் மலைப்பக்கம் போனால் மழைக்காட்டுக்குள் ஒரு ஊர் வாழ்வது எப்படி என்று பார்க்கலாம். நம்மில் அப்படிப் போனவர்கள் மிகச் சிலர்.

நான் முதன்முதலில் தோட்டமலைக்குப் போனது தேர்தல் வேலைக்கு. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்த காலத்தில் அந்த வாக்குச்சாவடிக்கு என்னைப் போட்டிருந்தார்கள். வாக்குப்பதிவு இயந்திரம், மை, படிவங்கள், பாதுகாப்புக்கு வந்த காவலர்கள் என எல்லாமுமாகப் பேச்சிப்பாறை அணையில் படகேறித்தான் அக்கரை சேர்ந்தோம். காலையில் கதவைத் திறக்கும் முன்பே பெண்கள் குளித்து, தலைவாரி, பூவைத்து வரிசையில் நின்றார்கள். அந்த முகங்கள் மனத்தைவிட்டுப் போகவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகும் அவ்வப்போது போய் வருகிறேன்.

இந்தத் தை மாதம் போனபோது என் சித்தி மகளும் கூட வந்தாள். கன்னியாஸ்திரி. மத்திய ஆப்பிரிக்காவில், கேமரூன் நாட்டின் கிழக்குக் காட்டில் பாக்கா என்ற பழங்குடி மக்களிடையே மருத்துவப் பணி செய்கிறாள். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள், "அக்கா, ஆப்பிரிக்காக் காடு எனக்கு அத்துப்படி. நம்ம மலையை நான் பார்த்ததே இல்லையே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த பலருக்கும் இந்த வார்த்தை பொருந்தும்.

களியல், திற்பரப்பு, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், 1897இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்த அணை. கட்டிய பொறியாளர் அலெக்சாண்டர் மிஞ்சினின் கல்லறையும் அணையருகிலேயே இருக்கிறது. இந்தத் தண்ணீரால்தான் நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைகின்றன. மிஞ்சினுக்கும் மகாராஜாவுக்கும் நாம் நன்றி சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் நீர் தேங்கிய பள்ளத்தாக்குக்கு அப்பால் இருக்கும் குடிகளுக்கு இந்த அணை என்னவாக இருக்கிறது என்று படகில் ஏறி உட்கார்ந்தால்தான் புரியும்.

நீர் நிறைந்திருக்கும்போது அது கடல்போல் விரிந்து கிடக்கிறது. மூன்று பக்கமும் காடு. படகில் எங்களோடு ஒரு அரிசி மூட்டை, ஒரு எரிவாயு சிலிண்டர், பள்ளிக்கூடப் பையுடன் இரண்டு பிள்ளைகள், காய்ச்சலுக்கு மருந்து வாங்கித் திரும்பும் ஒரு தாய். நமக்கு அது உல்லாசப் படகு. அவர்களுக்கு அதுதான் பேருந்து, அதுதான் ஆம்புலன்ஸ். காற்றடித்தால் படகு கிடையாது. "ராத்திரி நோவு வந்தா என்ன செய்விய?" என்று அந்தத் தாயிடம் கேட்டேன். "விடியுற வரைக்கும் சாமியக் கும்பிடுவோம் டீச்சர்" என்றாள். மலையின் இன்னொரு பக்கம், மோதிரமலையிலிருந்து கோதையாற்றுப் பாதையில் போனால் குற்றியாற்றுத் தரைப்பாலம். மழை வலுத்தால் அது மூழ்கிவிடும், அப்பால் உள்ளவர்கள் அப்பாலேயே நிற்க வேண்டும். சித்தி மகள் சொன்னாள், "கேமரூன்லயும் இதே கதைதான். மழைக்காலத்துல மண்சாலை சேறாகி லாரி நாள்கணக்கா நிற்கும்."

கரையேறிக் கொஞ்சம் மலை நடக்க வேண்டும். கால்களில் அட்டை ஏறும், உப்புப் பொட்டலம் கையில் இருப்பது நல்லது. வீடுகள் நம் ஊரைப்போல் ஒட்டி ஒட்டி இல்லை. ஒரு வீடு, அதைச் சுற்றி வாழை, நல்லமிளகுக் கொடி, கமுகு, பலா, அயினி, கொஞ்சம் ரப்பர். அடுத்த வீட்டுக்கு ஒரு மேடு ஏறி இறங்க வேண்டும். முன்பு மூங்கிலும் ஈத்தையும் வெட்டிக் கட்டிய குடில்கள்தான். யானைக்குப் பயந்து மரத்தின்மேல் ஏறுமாடம் கட்டிப் படுத்ததைப் பெரியவர்கள் நினைவிலிருந்து சொல்வார்கள். இப்போது அரசு கட்டிக்கொடுத்த சிறு கான்கிரீட் வீடுகளும் இருக்கின்றன. பாக்கா பெண்கள் வளையும் கொம்புகளை நட்டு, அகன்ற இலைகளைச் செருகி, கவிழ்த்த கிண்ணம் மாதிரி வீடு கட்டுவார்களாம். அங்கே வீடு கட்டுவது பெண்களின் வேலை.

காணிக்காரர்கள் என்று அரசுப் பட்டியலில் இருக்கும் இம்மக்கள் குமரி மாவட்டத்திலும், நெல்லையில் பாபநாசத்துக்கு மேலே காரையாறு பக்கமும், மலைக்கு அப்புறம் கேரளத்திலும் இருக்கிறார்கள். 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது நமக்கு அது பெரிய விடுதலை. அந்த மலைக்கோட்டின் இரு பக்கமும் சொந்தபந்தம் வைத்திருந்த காணி மக்களோ இரண்டு மாநிலத்துக்காரர்கள் ஆனார்கள். ஊருக்குத் தலைவர் மூட்டுக்காணி. பூசையும் வைத்தியமும் பார்ப்பவர் பிலாத்தி. பகைவருக்குத் தப்பி ஒளிந்து திரிந்த மார்த்தாண்ட வர்மாவுக்குத் தங்கள் முன்னோர் அடைக்கலம் தந்தார்கள் என்று அவர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். ஓணக் காலத்தில் தேனும் வாழைக்குலையும் சுமந்து திருவனந்தபுரம் அரண்மனைக்குப் போய் அரச குடும்பத்தைக் காணும் வழக்கம் அகத்திய மலைக் காணிகளுக்கு உண்டு.

நாங்கள் போன வீட்டில் அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. முதலில் கொதித்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, உப்புப் போட்டு மறுபடி வேகவைத்தார்கள். காந்தாரி மிளகும் சின்ன வெங்காயமும் உப்பும் அம்மியில் சதைத்து, மேலே தேங்காய் எண்ணெய் ஊற்றி, வாழையிலையில் வைத்துக் கொடுத்தார்கள். கூடவே கட்டன் சாயா. சித்தி மகள் ஒரு வாய் எடுத்ததும், "இது நான் தினமும் தின்னுற சாப்பாடு" என்றாள். அங்கே கிழங்கைத் தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, மெத்தென்று ஆனதும் இடித்து, காட்டு இலையில் நீளமாகச் சுருட்டி நாரால் கட்டி அவிப்பார்களாம். 'போபோலோ' என்று பெயர். கெடாமல் பல நாள் இருக்குமாம். கிழங்கின் இலையையும் இடித்துக் குழம்பு வைப்பார்கள் என்று அவள் சொன்னபோது வீட்டுக்காரம்மா அடுப்பை விட்டு எழுந்தே வந்துவிட்டார். "இலையவா? எங்க ஆடு தின்னா செத்துப் போவுமே சிஸ்டர்!"

இரண்டு பேர் சொன்னதும் சரி. மரச்சீனியின் கிழங்கிலும் இலையிலும் சயனைடு விஷம் உண்டாக்கும் பொருள் இருக்கிறது. கசப்பு இனங்களில் அது அதிகம், இனிப்பு இனங்களில் குறைவு. ஊறவைத்தாலும், இடித்தாலும், கொதித்த நீரை வடித்தாலும் அந்த விஷம் பெருமளவு குறைந்துவிடும். பச்சையாகத் தின்கிற ஆட்டுக்கு அந்த வழி இல்லை. இந்தக் கிழங்கு நமதும் இல்லை, ஆப்பிரிக்காவினுடையதும் இல்லை. பிறந்த இடம் தென் அமெரிக்கா. போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து காங்கோக் கரைக்குக் கொண்டுபோனார்கள். திருவிதாங்கூரில் இதைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அரிசி வரத்து நின்றுபோனது. அப்போது எங்கள் ஊர்களில் உயிரைப் பிடித்து வைத்தது இந்தக் கிழங்குதான். என் பாட்டி சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடல் கடந்த இரண்டு மழைக்காட்டு மக்கள் ஒரே கிழங்கை வெவ்வேறு வழியில் விஷமில்லாமல் ஆக்கித் தின்கிறார்கள். யாரும் ஆய்வுக்கூடத்தில் படித்துக் கற்றதில்லை. பெண்கள் அடுப்படியில் கண்டு, மகள்களுக்குச் சொல்லிக்கொடுத்த அறிவு அது.

ரப்பரின் கதை அப்படி இனிப்பானது இல்லை. பெல்ஜியம் மன்னன் லியோபோல்டு 1885 முதல் 1908 வரை காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்தான். காட்டுக் கொடிகளிலிருந்து ரப்பர்ப் பால் எடுத்துக் கொடுக்காத ஊர்களில் மனிதர்களின் கைகளை வெட்டினார்கள். கிராமங்களைக் கொளுத்தினார்கள். அருமனையில் பாதி வீடுகளுக்குச் சோறு போடுவது ரப்பர்தான். விடிவதற்கு முன் நெற்றி விளக்கோடு வெட்டப் போகிற நம் ஆட்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இங்கே கோதையாறு, கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு பகுதிகளில் அரசு ரப்பர்த் தோட்டங்கள் வந்தன. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கை மலைநாட்டை விட்டு வந்த தமிழர்கள் பலருக்கு அவை வேலை கொடுத்தன. அது நல்ல காரியம். அதே நேரத்தில் காணி மக்கள் தேன் எடுத்த, மூங்கில் வெட்டிய காடு அவர்களைச் சுற்றிச் சுருங்கியது.

அவர்களுடைய காட்டறிவுக்கு உலகம் ஒருமுறை விலை கொடுத்தது. 1987இல் அகத்திய மலையில் ஆய்வுக்குப் போன தாவரவியலாளர்கள் களைத்து உட்கார்ந்தபோது, வழிகாட்ட வந்த கேரளக் காணிகள் ஒரு சிறு செடியின் காயைத் தின்றபடி சோர்வே இல்லாமல் நடந்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்று இன்று பெயர் பெற்ற செடி. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனம் அதைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்தது. தயாரிக்கும் உரிமையைக் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்குப் பத்து லட்ச ரூபாய்க்கும் இரண்டு சதவீத உரிமைத்தொகைக்கும் கொடுத்தார்கள். அதில் பாதி காணிகளுக்கு. பணத்தைப் பெற 1997இல் கேரளக் காணிகள் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த உலகின் முன்னோடி எடுத்துக்காட்டுகளில் ஒன்று இது. மலைக்கு இந்தப் பக்கத்துக் காணிகளிடமும் அதே காடு, அதே பழக்கம் உண்டு. அவர்களிடம் இருக்கும் மூலிகை அறிவை எழுதி வைத்து, அவர்கள் பெயரிலேயே காப்பாற்றுவது தமிழ்நாட்டின் கடமை.

மாலையில் ஒரு பெரியவர் கொக்கரையை எடுத்து வந்தார். வரி வரியாகப் பல் வெட்டிய இரும்புக் குழல். கம்பியால் அதன்மேல் உரசினால் வண்டு கூட்டமாக இரைவதுபோல் ஓசை வரும். நோயோ கெட்ட காலமோ வந்தால் அதை உரசிக்கொண்டு விடிய விடிய சாற்றுப்பாட்டு பாடுவார்கள். மத்திய ஆப்பிரிக்காவின் அக்கா என்ற பழங்குடி மக்கள் பல குரலில் சேர்ந்து பாடும் பாட்டு 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சாற்றுப்பாட்டு முழுவதும் தெரிந்தவர்கள் எங்கள் மலையில் குறைந்துகொண்டே வருகிறார்கள். நல்ல ஒலிப்பதிவு ஒன்றாவது சீக்கிரம் நடக்க வேண்டும்.

அங்கே போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது நிலத்தின் நிலை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, காட்டில் தலைமுறையாக வாழும் பழங்குடிக் குடும்பம் தான் பயிர் செய்யும் நிலத்துக்கு, நான்கு ஹெக்டேர் வரை, உரிமைப் பத்திரம் கேட்கலாம். தேன் போன்ற சிறு வனப்பொருட்களைச் சேர்க்கவும் விற்கவும் உரிமை உண்டு. விண்ணப்பம் தொடங்குவது கிராம சபையில். அந்த நிலம் பிள்ளைகளுக்குப் போகும், வெளியாருக்கு விற்க முடியாது. ஆகவே அங்கே நிலம் மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்த நினைப்போடு மலையேறவும் வேண்டாம்.

சாலையும் பாலமும் கேட்டால் காடு அழியும் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அது ஏற்பில்லை. காட்டை அறுத்துக்கொண்டு போகும் அகலச் சாலையை அவர்களும் கேட்கவில்லை. மூழ்காத ஒரு பாலம், இரவிலும் இயங்கும் ஒரு நல்ல படகு, காய்ச்சலுக்கு ஒரு செவிலியர். அவ்வளவுதான். அவர்கள் வாசலுக்கு முன்னால் தேங்கும் நீரில் நெல் விளைவிக்கிற நாம் இதைச் சேர்ந்து கேட்பதில் தயக்கம் எதற்கு?

போக விரும்புகிறவர்கள் மழை ஓய்ந்த தை, மாசியில் போங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். அது காப்புக்காடு, யானை நடமாடும் இடம். தெரிந்த ஒருவர் மூலம் முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டு, ஊருக்குள் நுழைந்ததும் மூட்டுக்காணியைப் பாருங்கள். ஆப்பிரிக்காக் காட்டு ஊரிலும் விருந்தாளி முதலில் தலைவர் வீட்டுக்குத்தான் போவார் என்று சித்தி மகள் சொன்னாள். கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். மதுப்புட்டியும் பிளாஸ்டிக்கும் கொண்டுபோக வேண்டாம். பிள்ளைகளுக்கு மிட்டாய் எறிவதைவிட நோட்டும் பேனாவும் பள்ளி ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். திரும்பும்போது நல்லமிளகும் கிராம்பும் மட்டிக் குலையும் வாங்குங்கள். குமரிக் கிராம்புக்கும் மட்டிப் பழத்துக்கும் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனால் மலையேறி வரும் வியாபாரி சொல்வதுதான் இன்னும் விலையாக இருக்கிறது. நீங்கள் அவர்கள் சொல்லும் விலைக்கே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.