பிரிவு வந்தாலும் பயிர்க்கடன் பிரிவதில்லை

கணவனும் மனைவியும் மனம் ஒவ்வாமல் தனித்தனியே வாழ நேரிடும்போது, இரு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசுவது பெரும்பாலும் குழந்தைகளைப் பற்றியும் சீர்வரிசையைப் பற்றியும்தான். கூட்டுறவுச் சங்கத்தில் நிற்கும் கடனைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. சில மாதங்கள் கழித்துத் தவணை தவறிய அறிவிப்பு கைக்கு வரும்போதுதான், "நானும் அதில் கையெழுத்துப் போட்டேனே" என்பது நினைவுக்கு வருகிறது.

மாதச் சம்பளக் குடும்பத்தைவிட விவசாயக் குடும்பத்தில் இந்தச் சிக்கல் அதிகம். வீட்டுக்கும் நிலத்துக்கும் பணப்பை ஒன்றே. இரண்டு ஏக்கர் நஞ்சை உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பட்டாவும் பயிர்க்கடனும் கணவர் பெயரில். ஜாமீன் கையொப்பம் மனைவியுடையது. ஆழ்குழாய்க் கிணறு போட்ட பணம், மனைவி மகளிர் சுயஉதவிக் குழுவில் வாங்கிய கடன். பவர் டில்லர் கடனில் இருவரும் கூட்டாகக் கையெழுத்திட்டவர்கள். பசுவைப் பராமரிப்பவர் மனைவி; பால் பணம் சேருவது கணவர் கணக்கில். இவர்கள் பிரிந்தால் எந்தக் கடன் யாருடையது?

கடன் கொடுத்தவருக்குத் தெரிந்தது கையொப்பம் மட்டுமே. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, கூட்டாகக் கடன் வாங்கிய இருவரில் எவரிடமிருந்தும் முழுத்தொகையையும் வசூலிக்கலாம். பாதிதான் என் பங்கு என்று சொல்லித் தப்ப முடியாது. ஜாமீன்தாரரின் பொறுப்பும் பொதுவாகக் கடன்காரரின் பொறுப்புக்குச் சமமானது. "பவர் டில்லர் கடனைக் கணவரே கட்டுவார்" என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதினாலும், விவாகரத்து ஒப்பந்தத்திலேயே எழுதினாலும், அந்த எழுத்து வங்கியைக் கட்டுப்படுத்தாது. வங்கியே ஒருவரை விடுவித்து எழுத்தில் தந்தால்தான் விடுதலை. மற்றவருக்காகக் கட்ட நேர்ந்தால் ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். கூட்டுக் கடனாயின் அவர் பங்கையும், ஜாமீன் கடனாயின் கட்டிய தொகையையும் பின்னர் அவரிடம் கேட்கச் சட்டம் இடமளிக்கிறது.

ஜாமீன் விஷயத்தில் பலர் அறியாத ஒரு வசதி உண்டு. கிசான் கடன் அட்டை போல அவ்வப்போது எடுத்தும் கட்டியும் வரும் கடனுக்குத் தந்த ஜாமீன், தொடர் ஜாமீன் ஆகும். "இனிமேல் எடுக்கும் தொகைக்கு நான் பொறுப்பல்ல" என்று ஜாமீன்தாரர் எழுத்து மூலம் அறிவித்தால், அந்த நாளுக்குப் பிறகு எடுக்கப்படும் கடனுக்கு அவர் பொறுப்பாவதில்லை. ஏற்கெனவே உள்ள பாக்கிக்குப் பொறுப்பு நீங்காது. கையொப்பமிட்ட பத்திரத்தில் இதற்கு மாறான நிபந்தனை உள்ளதா என்பதை முதலில் படித்துப் பார்ப்பது அவசியம். கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். மேலாளரிடம் வாயால் சொல்லிவிட்டு வருவது பயன் தராது.

பாக்கி இருக்கும்வரை தவணையை நிறுத்தலாகாது. தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனைக் குறித்த தேதிக்குள் கட்டுவோருக்கு வட்டியே இல்லை. ஒருவர்மேல் ஒருவர் கொண்ட கோபத்தில் தேதி தவறினால் அந்தச் சலுகை போய்விடும், நட்டம் இருவருக்கும்தான். குறுகிய காலப் பயிருக்கு வாங்கிய கடன் இரண்டு பயிர்ப் பருவங்கள் நிலுவையில் நின்றால் வங்கிகள் அதை வாராக்கடன் கணக்கில் சேர்க்கின்றன. கூட்டுக் கடனும் ஜாமீனும் இருவரின் கடன் வரலாற்றிலும் பதிவாவதால், அடுத்த பருவத்தில் தனியே பயிர் செய்ய நினைக்கும் மனைவிக்கும் கடன் கிடைப்பது அரிதாகும். சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பிரிந்த உடனே அதை வாங்கிப் பார்த்தால், மறந்துபோன ஜாமீன்கூடத் தெரியவரும்.

குழுக் கடனில் மனைவிக்குக் கூடுதல் சங்கடம். பணம் கணவர் நிலத்துக் கிணற்றில் போய்விட்டது. தவணையோ இவர் பெயரில். தாய்வீட்டுக்குப் போனாலும் குழுக்கூட்டத்துக்குத் தவணையை அனுப்பி வருவதே நல்லது. கிணற்றுக்குச் செலவழித்த ரசீதுகள் இருந்தால் பின்னர் பேச்சுவார்த்தையில் அவை உதவும்.

நகைக் கடன்

மிகுந்த மனக்கசப்பு நகையில்தான் எழுகிறது. பெண்ணுக்குத் திருமணத்தில் வந்த சீதனம் அவருக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது. ஆனால் அடகுச் சீட்டு கணவர் பெயரில் இருந்தால், பணம் கட்டியதும் சங்கம் நகையை அவரிடமே கொடுக்கும். நகை தம்முடையது என்று மனைவி கடிதம் கொடுத்து வைக்கலாம்; அது ஒரு பதிவாக இருக்கும். உறுதியான தடை வேண்டுமெனில் நீதிமன்ற உத்தரவு தேவை. கொடுமைக்கு ஆளான பெண், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தால், சீதனத்தைத் திருப்பித் தரவும், அதை விற்காமலிருக்கவும், வங்கிக் கணக்கையும் லாக்கரையும் கையாளாமலிருக்கவும் நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம். நகைகளின் கிராம் கணக்கு, கடை ரசீது, திருமணப் புகைப்படம் ஆகியவற்றை முன்கூட்டியே சேர்த்து வைத்தல் நலம். கடன் முதிர்ந்து நகை ஏலத்துக்குப் போய்விட்டால், யாருடைய நகை என்ற வாதத்தால் பெரிய பயன் இராது. வட்டியையாவது கட்டிக் காலத்தை நீட்டிக்க முடியுமா என்று கேட்க வேண்டும்.

கணக்கும் கைபேசியும்

இருவரில் எவரும் பணம் எடுக்கலாம் என்ற ஏற்பாட்டில் உள்ள கூட்டுக் கணக்கை ஒருவரே காலி செய்துவிட முடியும். இனி இருவரும் கையெழுத்திட்டால்தான் பணம் தரவேண்டும் என வங்கிக்கு உடனே எழுத வேண்டும். தனிக் கணக்காக இருந்தாலும், அதில் பதிவான கைபேசி எண் மற்றவருடையதா என்று பார்ப்பது நல்லது. ரகசிய எண் அந்தக் கைபேசிக்கே போகும். ஏ.டி.எம். அட்டையின் எண்ணையும் மாற்றிவிடலாம். பசு மனைவியுடையதாயின், பால் சங்கத்தில் அவரே உறுப்பினராகச் சேர விண்ணப்பிக்கலாம். முன்பு ஒருவருக்கொருவர் பொது அதிகாரப் பத்திரம் எழுதியிருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் அதை ரத்துசெய்து பதிவு செய்யாமல் விடக்கூடாது. நிலத்தின்மேல் புதிய அடமானம் பதிவாகியுள்ளதா என்பதை வில்லங்கச் சான்று காட்டும்.

வயலில் பயிர் நிற்கும்போது பிரிவு ஏற்பட்டால், அறுவடைக்கு முன்பே ஒரு முடிவு எழுதிக்கொள்வது சிறந்தது. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கான பணம், யார் பெயரில் பதிவு உள்ளதோ அவர் கணக்குக்கே செல்லும். அந்தப் பணத்தில் முதலில் பயிர்க்கடன், பிறகு குழுத் தவணை, மீதியில் பங்கு என்ற வரிசையை இருவரும் ஒப்புக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

வழக்கறிஞர் செலவை எண்ணித் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு பொருந்தும். தாலுகா நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் கேட்கலாம். போகும்போது கடன் பத்திர நகல், பாஸ் புத்தகம், அடகுச் சீட்டு, பட்டா ஆகியவற்றைக் கொண்டு செல்ல வேண்டும்.